நாய்ச் சோற்றைக் குழம்பு கூட்டும் முன்பே எடுத்து வையுங்கள்

எங்கள் கருப்பி அப்போது 12 கிலோ. பக்கத்து வீட்டு விசேஷத்தில் மிஞ்சிய வெங்காய சாம்பாரைக் கொட்ட மனம் வராமல் இரண்டு நாள் அவள் சோற்றில் பிசைந்து போட்டேன். தட்டை நக்கியே துடைத்துவிட்டாள். நான்காம் நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து எழவில்லை. சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் போனது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய ஈறு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கிலோவுக்கு 15 கிராம் வெங்காயமே ரத்தத்தைக் கெடுக்கப் போதும். கருப்பி எடைக்கு இரண்டு பெரிய வெங்காயம். பூண்டு அதைவிட மோசம். வேகவைத்தாலும் பொடித்தாலும் நஞ்சு போகாது. வெங்காயத்தைப் பொறுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றினாலும் சாறு அதில் இறங்கியிருக்கும். தின்ற அன்றே ஒன்றும் தெரியாது என்பதால் சாம்பார்மேல் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. 'அந்தக் காலத்து நாயெல்லாம் தின்றதே' என்பார்கள். அந்தக் காலத்தில் நாயின் ஈறை யார் பார்த்தார்கள்?

அப்புறம் புளி. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். திராட்சை ஆகாததும் அதனால்தான் என்று கருதுகிறார்கள். ஆகவே ரசம், வத்தக்குழம்பு, புளியோதரை எதுவும் வேண்டாம். ஊறுகாயில் உப்பும் எண்ணெயும் அதிகம். சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியில் சோடியம் மட்டும் சுமார் 900 மில்லிகிராம். தக்காளி சாஸில் பெரும்பாலும் வெங்காயப் பொடி இருக்கும். சர்க்கரை இல்லாதது என்றால் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். அது கொஞ்சம் போனாலும் ஆபத்து.

நான் இப்போது செய்வது இதுதான்: பருப்பு வெந்ததும், உப்பு போடும் முன்பே இரண்டு கரண்டி தனியே எடுத்துவிடுவேன். கோழி எடுக்கும் நாளில் எலும்பில்லாத நாலு துண்டை வெறும் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு குழைந்த சோற்றில் பிசைவேன். அந்த வாசனைக்கே கருப்பி ஓடி வருவாள்.

தவறிப்போய்த் தின்றுவிட்டால் என்ன, எவ்வளவு, எப்போது என்று குறித்துக்கொண்டு உடனே மருத்துவரை அழையுங்கள். முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் போனால் வாந்தி எடுக்கவைத்து வெளியேற்ற முடியும். வீட்டில் உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றவே ஊற்றாதீர்கள். அந்த உப்பே உயிருக்கு உலை வைக்கும். அடுத்த ஒரு வாரம் தினமும் ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும்.

கருப்பிக்கு அந்தச் சிவப்பு திரும்ப மூன்று வாரம் ஆனது.