வயிற்றுப்பூச்சியைக் காலிலிருந்து தொடங்கி விரட்டுவது எப்படி?

என் மகளுக்குப் பள்ளியில் ஆண்டுக்கு இருமுறை பூச்சி மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். அதோடு எங்கள் வீட்டில் பூச்சித் தொல்லை தீர்ந்தது என்று பல வருடம் நம்பியிருந்தேன். பூச்சி இருந்தது என் அம்மாவின் வயிற்றில்.

எங்கள் ஊர் ராணிப்பேட்டை மாவட்டத்தில் திமிரி பக்கம். அம்மா கழனியிலும் மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையிலும் நாற்பது வருடம் வெறுங்காலோடு வேலை செய்தவர். இரண்டு மூன்று வருடமாகவே நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். அரிசி புடைக்க உட்கார்ந்தால் பச்சரிசியை அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பார். ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 7தான், மிகக் குறைவு. சத்து மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிடும்வரை ஏறும், நிறுத்தினால் இறங்கிவிடும். கடைசியில் ஒரு மருத்துவர்தான் "மலம் டெஸ்ட் பண்ணீங்களாம்மா?" என்று கேட்டார். பார்த்தால், கொக்கிப்புழு முட்டைகள்.

அதன்பிறகு நான் கேட்டும் படித்தும் செய்தும் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். இதைப் பற்றி ஒன்றுமே தெரியாதவரும் பின்பற்றலாம்.

படி 1: எந்தப் பூச்சி, எந்த வழியாக வருகிறது?

எல்லாவற்றையும் வயிற்றுப்பூச்சி என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒவ்வொன்றும் உள்ளே வரும் வழி வேறு. வழி தெரிந்தால்தான் அதை அடைக்க முடியும். உருளைப்புழு வகையில் நம் குடலில் குடியிருப்பவை முக்கியமாக நான்கு.

பெரியவர்கள் நாக்குப்பூச்சி என்று சொல்வது மண்புழு போல நீளமாக, வெளிறிய நிறத்தில் இருக்கும். பெண் புழு 35 செ.மீ. வரை வளரும். ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். மலத்தோடு வெளியேறிய முட்டை அப்போதே யாருக்கும் தொற்றாது. ஈரமண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்து முதிர வேண்டும். அப்புறம் கை, கீரை, தண்ணீர் வழியாக வாய்க்குள் போகிறது. குடலில் பொரிந்த குஞ்சு, குடல் சுவரைத் துளைத்து, கல்லீரல் வழியாக நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, மறுபடி குடலுக்கு வந்துதான் பெரிதாகிறது. இந்தச் சுற்றுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும்.

சாட்டைப்புழுவும் வாய் வழிதான். நீளம் 3 முதல் 5 செ.மீ. பெருங்குடலில் ஒட்டிக்கொள்ளும். கீரிப்பூச்சி வெள்ளை நூல் துண்டு மாதிரி இருக்கும். இரவில் ஆசனவாய்க்கு வெளியே வந்து முட்டையிடும், குழந்தை சொறியும், நகத்தில் ஒட்டும், வாய்க்குப் போகும். இதற்கு மண்ணே தேவையில்லை. முட்டை நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் தொற்றத் தயாராகிவிடும். அதனால்தான் ஒரு குழந்தைக்கு வந்தால் வீட்டில் எல்லோருக்கும் வருகிறது.

இனிப்பு தின்றால் பூச்சி வரும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். வராது. முட்டையோ குஞ்சோ உடம்புக்குள் போனால்தான் பூச்சி.

இனி கொக்கிப்புழு. நம் பக்கத்துக்காரர்கள் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். நீளம் ஒரு செ.மீ. அளவுதான். இதன் முட்டை மண்ணில் ஓரிரு நாளில் பொரிந்துவிடும். ஐந்து முதல் பத்து நாளில் குஞ்சு தொற்றும் நிலைக்கு வரும். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் மூன்று நான்கு வாரம் காத்திருக்கும். வெறுங்கால் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போகும். கையை எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் இந்த வழி அடைபடாது.

இது தோல் வழியாக நுழைகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் ஆர்தர் லூஸ். 1898ல் கெய்ரோவில், ஆய்வுக்கு வைத்திருந்த குஞ்சுகள் இருந்த நீர் தவறி அவர் கையில் பட்டது. பட்ட இடம் சிவந்து அரித்தது. சில மாதம் கழித்து அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழு முட்டை இருந்தது.

அம்மாவுக்கும் மழைக்காலத்தில் கால்விரல் இடுக்கில் அரிப்பெடுக்கும். சேற்றுப்புண் என்று மஞ்சள் பற்றுப் போடுவோம். எல்லாச் சேற்றுப்புண்ணும் கொக்கிப்புழு அல்ல, பெரும்பாலும் பூஞ்சைதான். ஆனால் கொல்லைக்குப் போய்வந்த காலில் சிறு சிறு சிவப்புப் புள்ளியாக அரித்தால் அது புழு நுழைந்த தடமாகவும் இருக்கலாம்.

படி 2: வீட்டில் யாருக்கு இருக்கலாம் என்று கணக்கெடுங்கள்

ஒரு காகிதத்தில் வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். தாத்தா பாட்டி பெயரை முதலில் எழுதுங்கள். எதிரில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: மண்ணில் வெறுங்காலோடு வேலை உண்டா? வெளிக்குப் போவது எங்கே? கடைசியாகப் பூச்சி மாத்திரை சாப்பிட்டது எப்போது?

எங்கள் வீட்டில் மகளுக்கு "ஆறு மாதம் முன்பு" என்று எழுதினேன். அம்மாவிடம் கேட்டேன். "எனக்கு யார் குடுத்தாங்க? அது பசங்களுக்குத்தானே" என்றார். அந்த இடம் காலியாகவே இருந்தது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. வேலூர் சிஎம்சி ஆய்வாளர்கள் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் டீவார்ம்3 என்ற பெரிய ஆய்வை நடத்தினார்கள். ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி நாடுகளிலும் அதே ஆய்வு நடந்தது. இங்கே அவர்கள் பார்த்ததில் மிக அதிகம் இருந்தது கொக்கிப்புழு. நாக்குப்பூச்சியும் சாட்டைப்புழுவும் அபூர்வம். கொக்கிப்புழு குழந்தைகளைவிடப் பெரியவர்களிடம்தான் அதிகம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்காமல் ஊர் முழுக்க, வயது பார்க்காமல், ஆண்டுக்கு இருமுறை என மூன்று ஆண்டு மாத்திரை கொடுத்தால் பரவலையே நிறுத்த முடியுமா என்பதுதான் அந்த ஆய்வின் கேள்வி. கேள்வியே எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. குழந்தைக்குக் கொடுத்தோம் என்று நாம் நிம்மதியாக இருக்கும்போது, முட்டை பாட்டியிடமிருந்து மண்ணுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

அறிகுறி என்று பார்த்தால், லேசான தொற்றில் ஒன்றுமே தெரியாது. சோர்வு, நாக்கும் கண் இமையின் உட்புறமும் வெளுத்துப்போவது, மூச்சிரைப்பு, பச்சரிசி, மண், சாம்பல், பல்பம் தின்னும் ஆசை, இவை ரத்தசோகையின் அடையாளங்கள். கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிப்பதால் அது வருகிறது. நம் பக்கம் உள்ள சாதாரண வகைப் புழு ஒன்று ஒரு நாளைக்கு சுமார் 0.03 மி.லி. ரத்தத்தை இழக்கச் செய்யும். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். நூறு புழு இருந்தால் நாளைக்கு 3 மி.லி., மாதம் 90 மி.லி. நாலு மாதத்தில் ரத்ததானத்தில் எடுக்கும் ஒரு பை அளவு போய்விடுகிறது. கழனியில் குனிந்து நாற்று நட்டுக்கொண்டே என் அம்மா அதை இழந்துகொண்டிருந்தார். இதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

படி 3: மலப் பரிசோதனை

இதற்குக் கூச்சப்பட வேண்டாம். லேபில் கொடுக்கும் அகல வாய் டப்பாவில் ஒரு மல்லாட்டைப் பருப்பு அளவுக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்தால் போதும். சிறுநீர், தண்ணீர், மண் கலக்கக் கூடாது. காலையில் எடுத்ததை அன்று காலையே கொண்டுபோய்க் கொடுங்கள். வைத்திருந்தால் கொக்கிப்புழு முட்டை பொரிந்தும் சிதைந்தும் போகும், கண்ணுக்குத் தப்பிவிடும். ஒரு நாள் "இல்லை" என்று வந்தாலும், ரத்தசோகை இருந்தால் வேறு நாட்களில் இன்னும் இரண்டு முறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கீரிப்பூச்சிக்கு இந்தப் பரிசோதனை சரிவராது. குழந்தை எழுந்தவுடன், மலம் கழித்துக் கழுவும் முன், ஆசனவாய் ஓரத்தில் தெளிவான செலோ டேப்பை ஒட்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி லேபில் கொடுக்க வேண்டும்.

படி 4: மாத்திரை

அல்பெண்டசோல் 400 மி.கி., ஒரே மாத்திரை, மென்று விழுங்க வேண்டும். ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பாதி, பொடி செய்து தண்ணீரில் கலந்து. முழுதாகக் குழந்தை வாயில் போட்டுவிடாதீர்கள், புரையேறும். காய்ச்சலோ வேறு நோயோ இருக்கும் நாளில் வேண்டாம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் கண்டிப்பாகக் கூடாது. அதன்பிறகும் மருத்துவர் சொன்னால் மட்டுமே.

பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசியக் குடற்புழு நீக்க நாட்கள். 2015ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 1 முதல் 19 வயதுவரை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். அந்த வயதைத் தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாமாகப் போய்க் கேட்க வேண்டும்.

கீரிப்பூச்சி என்றால் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி சாப்பிட வேண்டும். சாட்டைப்புழுவுக்கு ஒரே மாத்திரை பெரும்பாலும் போதாது. மூன்று நாள் கொடுப்பார்கள்.

வேப்பங்கொழுந்தும் குப்பைமேனியும் என் பாட்டி கொடுத்தவை. அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் ஹீமோகுளோபின் 7ல் இருப்பவருக்கு அதை நம்பி நாள் கடத்தாதீர்கள்.

புழு போனாலும் இழந்த ரத்தம் தானாக ஊறாது. இரும்புச்சத்து மாத்திரையைத் தொடர வேண்டும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம். எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். டீயோடு வேண்டாம்.

படி 5: மண்ணையும் காலையும் பிரியுங்கள்

மாத்திரை வயிற்றைத்தான் காலி செய்யும். மறுநாள் அதே மண்ணில் அதே வெறுங்காலோடு நின்றால் புழு மறுபடி ஏறும்.

முதல் வேலை செருப்பு. "சேத்துல செருப்போட எப்படிடா நிக்கிறது?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. தண்ணீர் தேங்கிய நடவு வயலைவிட, கொக்கிப்புழுக் குஞ்சுக்குப் பிடித்தது ஈரமும் நிழலும் உள்ள மணற்பாங்கான மண். அதாவது மாந்தோப்பு, புதர் ஓரம், ஏரிக்கரை மறைவு, வரப்போரம். ஊரில் வெளிக்குப் போகிற இடங்களும் அவையேதான். அதனால் அம்மாவிடம் ஒரு ஏற்பாடு பேசினேன்: சேற்றில் இறங்கும் வரப்பு வரைக்கும் செருப்பு, ஏறியதும் காலைக் கழுவி மறுபடி செருப்பு. மல்லாட்டை பறிப்பு, களையெடுப்பு, நூறுநாள் வேலை எல்லாவற்றுக்கும் மூடிய ரப்பர் ஷூ.

அடுத்தது கழிப்பறை. கட்டிய கழிப்பறையில் விறகும் வரட்டியும் அடுக்கி வைத்திருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. எங்கள் வீட்டிலும் அம்மா மட்டும் கொல்லைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார், முழங்கால் வலியால் குந்த முடியாது என்று. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பொருத்திக் கொடுத்ததும் உள்ளே போக ஆரம்பித்தார். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏன் போகவில்லை என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். காரணம் சின்னதாகவே இருக்கும்.

இரட்டைக் குழிக் கழிப்பறை என்றால், நிரம்பிய குழியை மூடி இரண்டு ஆண்டாவது விட்டுவைத்த பிறகே அள்ள வேண்டும். செப்டிக் டேங்க் லாரிக்காரர் "உங்க கொல்லையிலயே விட்டுடட்டுமா, உரமாகும்" என்று கேட்டால் சம்மதிக்காதீர்கள். நாக்குப்பூச்சி முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

படி 6: கை, நகம், கீரை

சாப்பிடும் முன்னும் கழிப்பறைக்குப் போய்வந்த பின்னும் சோப்பு. சானிடைசர் இந்த முட்டைகளை ஒன்றும் செய்யாது, தேய்த்துக் கழுவினால்தான் போகும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கீரையை வேரை நறுக்கிவிட்டு, ஓடும் தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசுங்கள். வேகவைத்தால் பயமில்லை. பச்சையாகத் தின்னும் கேரட், முள்ளங்கியைத் தோல் சீவுங்கள்.

படி 7: திரும்பப் பாருங்கள்

மாத்திரை போட்டு மூன்று வாரம் கழித்து மலமும், ஒரு மாதம் கழித்து ஹீமோகுளோபினும் பார்த்தோம். முட்டை இல்லை. ஹீமோகுளோபின் மெதுவாக ஏறி ஆறாம் மாதம் 11 வந்தது. பச்சரிசி மெல்வது தானாகவே நின்றுவிட்டது.

இப்போது எங்கள் வீட்டு நாட்காட்டியில் பிப்ரவரி 10க்கும் ஆகஸ்ட் 10க்கும் எதிரில் மகள் பெயரோடு அம்மா பெயரும் இருக்கிறது. அவள் பள்ளியில் சாப்பிடும் அதே நாளில் அம்மாவைச் சுகாதார நிலையத்துக்கு நான் அழைத்துப் போகிறேன்.