குல்மார்க்கில் ஸ்கீ பழகப் போகிறீர்களா? ஸ்கீ பூட்ஸிலிருந்து தொடங்குங்கள்

ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர்தான். அதனால் காலையில் போய் கொண்டோலா என்ற கேபிள் காரில் ஏறிவிட்டு மாலையே இறங்கிவிடுபவர்கள் அதிகம். பனியைப் பார்க்க அது போதும். சறுக்கப் பழக வேண்டுமானால் மேலேயே நான்கு இரவாவது தங்குங்கள். ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் நாள் மூச்சு வாங்கும், சிலருக்குத் தலை வலிக்கும். அன்று தண்ணீர் நிறையக் குடித்து, மெல்ல நடந்தால் போதும்.

ஜனவரி கடைசி வாரம் முதல் பிப்ரவரி முடிய நல்ல காலம். டிசம்பரை நம்பி டிக்கெட் போடாதீர்கள். 2024-ல் ஜனவரி பாதி கடந்தும் புல்வெளி காய்ந்து கிடந்தது. பனி கொட்டினால் விமானம் ரத்தாகும், திரும்புவதற்கு ஒரு நாள் கூடுதலாக வையுங்கள். அடிவார ஊரான தங்மார்க்குக்கு மேலே மலைப்பாதையில் சங்கிலி கட்டிய சக்கரமுள்ள வண்டிதான் ஏறும். வெளிமாநில பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது.

பிரிட்டிஷார் கோடையில் கோல்ஃப் ஆட வந்த ஊர் இது. 1927-ல் ஸ்கீ கிளப்பும் தொடங்கினார்கள். இன்றும் புதியவர்கள் பழகுவது அந்த கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய சின்னச் சரிவுகளில்தான். குல்மார்க்கின் அருமையே இதில் இருக்கிறது: விழுந்தாலும் பத்தடியில் நின்றுவிடும் மேடும், உலகமே தேடி வரும் அபர்வத் மலைச் சரிவும் ஒரே ஊரில்.

வாடகைக் கடையில் ஸ்கீ பூட்ஸுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். நிமிர்ந்து நின்றால் கால்விரல் முனை லேசாகத் தொட வேண்டும். முட்டியை முன்னே மடக்கினால் விரல் விலக வேண்டும், குதிகால் மேலே எழும்பக் கூடாது. குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போடாதீர்கள். இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் விறைத்துப்போகும். பேன்ட்டின் ஓரத்தை உள்ளே திணித்தால் கெண்டைக்காலில் புண் வரும். எடையைச் சரியாகச் சொல்லுங்கள். பூட்ஸை ஸ்கீ பலகையோடு பிடித்திருக்கும் பிடிதான் பைண்டிங்; விழும்போது பலகை கழன்றுகொள்வதற்கான அதன் அளவை உங்கள் எடையை வைத்துத்தான் திருப்புவார்கள்.

பலகையை மாட்டும்போது முதலில் விரல்முனை, பிறகு குதிகால். 'டக்' என்று சத்தம் வரவில்லையென்றால் பூட்ஸின் அடியில் பனி கெட்டியாக அப்பியிருக்கிறது. கையிலுள்ள ஸ்கீ கம்பின் முனையால் சுரண்டிவிட்டு மறுபடி மிதியுங்கள்.

நிறுத்தக் கற்பதே முதல் பாடம். பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகலமாகத் தள்ளி, உள்விளிம்பால் பனியை அழுத்துங்கள். பயத்தில் எல்லோரும் பின்னால் சாய்வார்கள். அப்போது முன்முனையில் பாரம் இல்லாமல் போய், பலகை திரும்பாது, வேகம் கூடும். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கட்டும். விழுந்தால் பலகைகளை உடம்புக்குக் கீழ்ப்பக்கம், சரிவுக்குக் குறுக்காக வைத்து எழுந்திருங்கள். கீழ்நோக்கி வைத்தால் எழும்போதே ஓடிவிடும்.

கொண்டோலா டிக்கெட்டை ஆன்லைனில் முன்பே எடுங்கள். முதல் கட்டம் கோங்தூரி வரை. 2005-ல் வந்த இரண்டாம் கட்டம் அபர்வத்தில் ஏறத்தாழ 3,950 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். பலத்த காற்றிலும் பனிச்சரிவு அபாயத்திலும் அது ஓடாது. முதல் பயணத்தில் அங்கிருந்து சறுக்கி இறங்க வேண்டாம். நன்றாகப் பழகியவர்களும் கொண்டோலாவுக்குக் கீழுள்ள கண்காணிப்புப் பகுதியைத் தாண்டினால், பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் பீக்கன், மண்வாரி, துழாவும் கம்பி, உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது.