குச்சி வேர்விட ஒரு கலவை, நாற்று வளர வேறொரு கலவை

தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மல்லி, செம்பருத்தி, காகிதப்பூக் குச்சிகளைச் செம்மண்ணும் தொழு உரமும் நிரப்பிய பையில் நேரே ஊன்றுவது வழக்கம். பாதிக் குச்சிகள் அழுகுவது பெரும்பாலும் இதனால்தான். வேரில்லாத குச்சிக்கு உரத்தால் பயனில்லை. அதற்கு வேண்டியது ஈரமும் காற்றும். நம் செம்மண் நீர் பட்டு இறுகினால் அடியில் காற்று போகாது. மக்காத சாணமோ சூடேறி வெட்டுமுனையைக் கெடுக்கும், கரையானையும் கூட்டிவரும்.

வேர்விடும் கலவைக்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு போதும். ஈரம் தாங்காத காகிதப்பூவுக்கு மணலை இரண்டு பங்காக்குங்கள். ஓசூர்க் குளிரில் கலவை மெதுவாகக் காயும், அங்கும் மணல் கூடுதலாக இருக்கட்டும். தர்மபுரிக் கோடையில் நார்க்கழிவைச் சற்றுக் கூட்டலாம்.

நார்க்கழிவைக் கழுவாமல் சேர்க்கவே கூடாது. 5 கிலோ கட்டி ஊறினால் ஏறத்தாழ 70 லிட்டர் வரும். ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரை மாற்றி மூன்று முறை அலசுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்காவது மழைநீர் தேவை. இல்லாவிட்டால் உப்பு உள்ளேயே தங்கி இளவேரின் நுனியைக் கருக்கும். மணல், பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் என்றால் வாளியில் கலக்கிக் கலங்கல் நீரைக் கொட்டிவிட வேண்டும். அந்தத் தூள்தான் துளைகளை அடைப்பது. பூச்சு வேலைக்கான நைஸ் மணல் வேண்டாம்.

கலவையை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு. நட்டபின் குச்சியின் அடி கருத்துக் குழைந்தால் மணலைக் கூட்ட வேண்டும். அடி சுருங்கி உலர்ந்தால் கலவை நீரைப் பிடிக்கவில்லை என்று பொருள். துளிர் வந்ததும் வேர் வந்துவிட்டதாக எண்ணாதீர்கள். அது குச்சியில் இருந்த சேமிப்பில் வருவது. இழுத்துப் பார்க்கவும் வேண்டாம், புது வேர் அறுந்துவிடும்.

மல்லி வேர்விட ஒன்று, ஒன்றரை மாதம் ஆகும். வேர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீண்டதும் செம்மண் 2, மணல் 1, நன்கு மக்கிய தொழு உரம் 1 என்ற கலவைக்கு மாற்றுங்கள். தாமதித்தால் இலை வெளுக்கும், ஏனென்றால் முதல் கலவையில் சத்தே இல்லை. அழுகல் கண்ட கலவையை அடுத்த நடவுக்கு எடுக்காமல் வாழைக்குழியில் கொட்டிவிடுங்கள்.