டோட்டா 2: முதல் லாஸ்ட் ஹிட் முதல் உலக இறுதிப் போட்டி வரை

ஐவர் ஐவராக இரு அணிகள் மோதும் டோட்டா 2 என்ற கணினி விளையாட்டை ஆசையோடு தொடங்கிய பலர் ஒரே வாரத்தில் அதை மூடி வைத்துவிடுகிறார்கள். நாம் இயக்கும் பாத்திரங்களான ஹீரோக்கள் 120க்கும் மேல், ஒவ்வொருவருக்கும் தனித்தனித் திறன்கள், கடையில் குவிந்து கிடக்கும் பொருட்கள், நடுவே அவசரப்படுத்தும் நான்கு கூட்டாளிகள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும்.

நான் கண்ட வழி எளிமையானது: தங்கத்தைப் பின்தொடருங்கள். விளையாட்டுக்குள் பொருட்கள் வாங்க உதவும் பணம் அது. அது எங்கிருந்து வருகிறது, யார் கைக்குப் போகிறது, எதில் செலவாகிறது என்பதைக் கவனிக்கப் பழகிவிட்டால் விளையாடுவதும் புரியும், கோடிக்கணக்கான ரூபாய் பரிசுக்கு நடக்கும் போட்டிகளைப் பார்ப்பதும் புரியும்.

படி 1: கணினியைத் தயார் செய்தல்

டோட்டா 2 வால்வ் நிறுவனத்தின் விளையாட்டு. வார்கிராஃப்ட் 3 விளையாட்டுக்கு ரசிகர்கள் உருவாக்கிய ஒரு மாற்று வடிவத்திலிருந்து வளர்ந்தது. 2013 ஜூலையில் முழுமையாக வெளியானது. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் இலவசமாகக் கிடைக்கிறது. எல்லா ஹீரோக்களும் இலவசம். பணம் கொடுத்து வாங்கக் கூடியவை பெரும்பாலும் உடைகளும் அலங்காரங்களும்தான். அவற்றால் உங்கள் ஹீரோவின் வலிமை ஓர் இம்மி கூடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை மற்றவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

கணினியில் 60 ஜிபி அளவுக்கு இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். நிறுவியதும் அமைப்புகளில் சர்வர் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். இந்தியாவிலிருந்து ஆடுபவர்களுக்கு இந்தியா அல்லது தென்கிழக்கு ஆசியா பொருந்தும். பிங், அதாவது தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம், 100 மில்லி விநாடிக்குள் இருந்தால் போதும்.

படி 2: களத்தை அறிதல்

ரேடியன்ட், டயர் என்று இரண்டு அணிகள். அணிக்கு ஐந்து பேர். ரேடியன்டின் தளம் இடது கீழ் மூலையில், டயரின் தளம் வலது மேல் மூலையில். ஒவ்வொரு தளத்தின் உள்ளேயும் ஒரு முக்கியக் கட்டடம் நிற்கிறது. அதன் பெயர் ஏன்ஷியன்ட். எதிரியின் ஏன்ஷியன்டை இடிக்கும் அணிக்கு வெற்றி. எத்தனை பேரைக் கொன்றீர்கள் என்ற கணக்கு வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. இதை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். 30 கொலைகள் செய்த அணி 15 கொலைகள் செய்த அணியிடம் தோற்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

தளங்களை இணைக்கும் பாதைகள் மூன்று. அவற்றை லேன் என்கிறோம். ஒவ்வொரு பாதையிலும் ஓர் அணிக்கு மூன்று டவர்கள், அதாவது எதிரியைத் தாக்கும் காவல் கோபுரங்கள்; ஏன்ஷியன்டுக்குக் காவலாக இன்னும் இரண்டு. ஆகமொத்தம் 11. முன்னால் இருக்கும் டவர் விழாமல் பின்னால் இருப்பதைத் தாக்க முடியாது. பாதைகளுக்கு இடையே காடும், குறுக்கே ஓர் ஆறும் இருக்கின்றன.

30 விநாடிகளுக்கு ஒரு முறை இரு தளங்களிலிருந்தும் கிரீப் எனப்படும் படைவீரர்கள் தாமாகவே கிளம்பி வந்து பாதை நடுவில் மோதுவார்கள். தங்கத்தின் முதல் ஊற்று அவர்கள்தான்.

படி 3: ஒரே ஒரு ஹீரோவைத் தேர்ந்தெடுத்தல்

முதல் 20 ஆட்டங்களுக்கு ஒரே ஹீரோ போதும். நான் சொல்வது ரெய்த் கிங். நல்ல உடல் வலிமை. எதிரியைக் குறிவைத்து அடித்துத் திகைக்க வைக்கும் திறன் ஒன்று. ஆட்டத்தில் அனுபவப் புள்ளிகள் சேர்ந்து ஆறாம் நிலையை எட்டிய பிறகு செத்தாலும் அதே இடத்தில் எழுந்து நிற்கலாம். தவறு செய்து கற்பவருக்கு இதைவிடக் கருணையான ஹீரோ கிடையாது. பின்னணியில் நின்று உதவும் சப்போர்ட் பொறுப்பு பிடிக்கும் என்றால் ஓக்ர் மேஜாய் என்ற ஹீரோவை எடுங்கள். அவரையும் எளிதில் வீழ்த்த முடியாது.

படி 4: லாஸ்ட் ஹிட்

இந்தக் கட்டுரையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

எதிரிக் கிரீப்பின் உயிரை யார் கடைசியாகப் பறிக்கிறாரோ அவருக்குத்தான் தங்கம். அதுவே லாஸ்ட் ஹிட். ஒரு கிரீப்புக்கு ஏறத்தாழ 40 தங்கம். நீங்கள் பத்து முறை அடித்து, பதினோராவது அடியை உங்கள் பக்கத்துக் கிரீப் அடித்துக் கொன்றால் உங்களுக்கு ஒரு காசும் இல்லை.

நெருங்கிப் பாருங்கள். வாளேந்திய கிரீப்புக்குத் தொடக்கத்தில் 550 உயிர்ப்புள்ளிகள். உங்கள் ஓர் அடி அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் குறைக்கும். தலைக்கு மேல் இருக்கும் உயிர்க்கோடு ஒரு சிறு துண்டாகக் குறையும்வரை நீங்கள் கை கட்டி நிற்க வேண்டும். இன்னொரு நுணுக்கம்: நீங்கள் கட்டளை கொடுத்ததும் அடி விழுந்துவிடாது. ரெய்த் கிங் வாளை ஓங்க வேண்டும், இறக்க வேண்டும். அந்த அரை நொடி தாமதத்தைக் கை கணக்குப் போட்டுப் பழக வேண்டும். வாளை ஓங்கிய பிறகு "இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்" என்று தோன்றினால் எஸ் விசையைத் தட்டுங்கள். ஓங்கிய வாள் அப்படியே நிற்கும். மறுபடி ஓங்குங்கள். தேர்ந்தவர்களின் ஹீரோக்கள் பாதையில் நடுங்குவதுபோல் தெரிவது இதனால்தான்.

பயிற்சிக்கு எதிராளி தேவையில்லை. ஹீரோவின் பக்கத்தில் டெமோ வசதி இருக்கிறது. அதைத் திறந்து, எந்தப் பொருளும் வாங்காமல், பத்து நிமிடம் லாஸ்ட் ஹிட் மட்டும் எடுங்கள். பத்து நிமிடத்தில் ஒரு பாதைக்கு வருவது ஏறத்தாழ 80 கிரீப். முதல் நாள் 25 எடுத்தால் நல்ல தொடக்கம். எதிராளி இல்லாத பயிற்சியில் 50ஐத் தொட்டுவிட்டால் உண்மையான ஆட்டத்துக்குப் போகலாம். எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒரு வாரத்தில் அந்த எண்கள் ஏறுவதைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சி தனி.

உங்கள் பக்கத்துக் கிரீப்பின் உயிர் பாதிக்குக் கீழே வந்ததும் அதை நீங்களே கொன்றுவிடவும் முடியும். எதிரிக்குத் தங்கம் கிடைக்காது, அனுபவப் புள்ளிகளும் குறையும். டினை என்ற இந்த வித்தையை இரண்டாவது வாரத்துக்கு ஒத்தி வையுங்கள்.

படி 5: முதல் ஆட்டம்

முதலில் பாட் எனப்படும் கணினி எதிரிகளோடு ஐந்தாறு ஆட்டம். பிறகு மனிதர்களோடு. தரவரிசை ஆட்டத்துக்கு எப்படியும் 100 மணி நேரம் ஆடியிருக்க வேண்டும் என்பதால் அவசரம் வேண்டாம்.

பையில் டவுன் போர்டல் சுருள் எப்போதும் ஒன்றாவது இருக்கட்டும். 100 தங்கத்துக்குக் கிடைக்கும் அது, களத்தின் மறுமுனையில் இருக்கும் உங்கள் டவருக்கு மூன்று விநாடியில் கொண்டு சேர்க்கும். செத்தால் கையிலிருக்கும் தங்கத்தில் ஒரு பகுதி போய்விடும், மீண்டும் உயிர் பெறும்வரை சும்மா காத்திருக்கவும் வேண்டும். அதனால் எதிரிகள் ஐவரில் மூவர், களம் முழுவதையும் காட்டும் சிறுபடத்தில் தென்படவில்லை என்றால் பின்வாங்குங்கள். அவர்கள் உங்களைத் தேடித்தான் வந்துகொண்டிருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

களத்தில் உங்கள் அணியின் பார்வை எட்டாத இருட்டை விலக்க அப்சர்வர் வார்டு இருக்கிறது. கடையில் இலவசம், நட்டால் ஆறு நிமிடம் சுற்றுப்புறத்தைக் காட்டும். சப்போர்ட் ஆடுபவர்தான் வைக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. கடையில் வார்டு தேங்கிக் கிடந்தால் யார் வேண்டுமானாலும் எடுத்து வைக்கலாம்.

திட்டுபவர்கள் வருவார்கள். ஒலியை அடைக்கும் பொத்தான் அதற்காகவே இருக்கிறது. முதல் வசைச்சொல்லிலேயே அழுத்துங்கள், பதில் எழுதாதீர்கள். புதியவர்கள் பலர் இந்த அருமையான விளையாட்டை விட்டு விலகுவது தோல்வியால் இல்லை, இந்த வசைகளால்தான் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

படி 6: போட்டிகளைப் பார்த்தல்

டோட்டாவின் உலகக் கோப்பை தி இன்டர்நேஷனல். 2011இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் தொடங்கியது. உக்ரைனின் நாவி அணி முதல் கோப்பையையும் 10 லட்சம் டாலரையும் வென்றது. பின்னர் ரசிகர்கள் விளையாட்டுக்குள் பணம் கொடுத்து வாங்கும் பேட்டில் பாஸ் என்ற சிறப்புச் சீட்டின் வருவாயில் கால் பங்கு பரிசுத்தொகையில் சேரத் தொடங்க, 2021இல் புக்கரெஸ்ட் போட்டியின் மொத்தப் பரிசு 4 கோடி டாலரைத் தாண்டியது. அந்த ஏற்பாடு கைவிடப்பட்ட பிறகு தொகை வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆட்டத்தின் தரம் குறையவில்லை. 2022இல் தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில் நடந்தது. டுண்ட்ரா அணி வென்றது. அதே ஆண்டு பர்மிங்காமில் நடந்த காமன்வெல்த் மின்விளையாட்டுப் போட்டியில் இந்திய டோட்டா அணி வெண்கலம் வென்றது நம்மில் பலருக்குத் தெரியாது.

பார்க்கும்போது மூன்று இடங்களில் கண் வையுங்கள். முதலில், ஆட்டத்துக்கு முன் இரு அணிகளும் மாறி மாறி ஹீரோக்களைத் தடை செய்து தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட். அடுத்து, திரையில் வரும் நெட் வொர்த். இரு அணிகளிடமும் உள்ள தங்கத்தின், பொருட்களின் மொத்த மதிப்பு அது. மூன்றாவது ரோஷான். களத்தில் ஒரு குகைக்குள் இருக்கும் இந்தப் பெரிய விலங்கைக் கொன்றால் ஏஜிஸ் கிடைக்கும். அதை வைத்திருப்பவர் ஐந்து நிமிடத்துக்குள் செத்தால் மீண்டும் எழுவார். அதற்காக அணிகள் எதையும் பணயம் வைக்கும்.

இந்த மூன்றும் ஓரிடத்தில் கூடிய ஒரு காட்சியைத் தேடிப் பாருங்கள்: 2015 இறுதிப் போட்டியின் நான்காம் ஆட்டம், சியாட்டில். அமெரிக்காவின் ஈவில் ஜீனியசஸ் அணியும் சீனாவின் சிடெக் அணியும் மோதின. சிடெக் வீரர்கள் ரோஷானின் குகைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஈவில் ஜீனியசஸ் ஆடிய ஏன்ஷியன்ட் அபாரிஷன் என்ற ஹீரோவின் பனிக்குண்டு முதலில் குகைக்குள் விழுந்தது. அது பட்டவர்களின் உயிர் மீண்டும் ஏறாது. ஓர் அளவுக்குக் கீழே போனால் உறைந்து உடைந்துவிடுவார்கள். அடுத்த கணம் அதே அணியின் யூனிவர்ஸ் என்ற வீரர் ஆடிய எர்த்ஷேக்கர் என்ற ஹீரோ நடுவில் குதித்து எக்கோ ஸ்லாமை இறக்கியது. சுற்றி எத்தனை எதிரிகள் நிற்கிறார்களோ அத்தனை அதிர்வுகளை எழுப்பும் திறன் அது. ஆள் கூடக் கூட அடி கூடும். ஒடுங்கிய குகையில் அணியாகக் கூடி நின்றவர்களுக்கு அதைவிடக் கொடிய அடி இருந்திருக்க முடியாது. சில விநாடிகளில் சிடெக் சரிந்தது. ஈவில் ஜீனியசஸ் 3–1 என்று கோப்பையை வென்றது. அவர்களுக்குக் கிடைத்தது 66 லட்சம் டாலர். அந்த அணியில் நடுப்பாதையில் ஆடும் மிட் வீரர் சுமைல் கராச்சியில் வளர்ந்தவர். அப்போது அவருக்கு வயது 16.

காணொளியை ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டாம் முறை குகையை விட்டுவிட்டுச் சிறுபடத்தை மட்டும் பாருங்கள். குகையில் யார் நிற்கிறார்கள், எர்த்ஷேக்கர் எந்தப் பக்கமிருந்து வருகிறார் என்பது அங்கேதான் தெரியும். பிறகு டெமோவைத் திறந்து உங்கள் பத்து நிமிட லாஸ்ட் ஹிட்டைத் தொடங்குங்கள்.