பின்னத்தின் பகுதியில் (கோட்டுக்குக் கீழே) மாறி இருந்தால் சமன்பாட்டைத் தீர்ப்பது எப்படி?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 24 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சைக்கிளில் போகும்போது வாடைக்காற்று முகத்தில் அடிக்கிறது. திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ள, வேகம் மணிக்கு 8 கி.மீ. கூடுகிறது, அரை மணி நேரம் மிச்சம். போன வேகம் என்ன?

அதை 'வ' என்போம். நேரம் என்பது தூரத்தை வேகத்தால் வகுத்தால் வருவது. எனவே:

24/வ − 24/(வ + 8) = 1/2

பேனாவை எடுத்ததும் பெருக்கத் தொடங்காதீர்கள். எந்த மதிப்புக்குப் பகுதி பூச்சியமாகும் என்று முதலில் ஓரத்தில் எழுதுங்கள்: 0, −8. பூச்சியத்தால் வகுக்க முடியாது என்பதால், இவைதான் விலக்கப்பட்ட மதிப்புகள்.

அடுத்து, பகுதிகளின் மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு): 2வ(வ + 8). ஒவ்வோர் உறுப்பையும் இதனால் பெருக்கினால் பின்னங்கள் போய்விடும்:

48(வ + 8) − 48வ = வ(வ + 8)
வ² + 8வ − 384 = 0
(வ − 16)(வ + 24) = 0

வ = 16 அல்லது −24. இரண்டுமே விலக்கப்பட்ட பட்டியலில் இல்லை. சமன்பாட்டுக்கு இரண்டும் பொருந்தும். ஆனால் வேகம் குறை எண்ணாகாது. ஆக, மணிக்கு 16 கி.மீ. சரிபார்ப்போம்: போக ஒன்றரை மணி நேரம், வர ஒரு மணி நேரம். சரிதான்.

அப்புறம் அந்த ஓரக் குறிப்பு எதற்கு? இதைப் பாருங்கள்:

அ/(அ − 3) + 2 = 3/(அ − 3)

இங்கே 3 விலக்கப்பட்டது. (அ − 3) ஆல் பெருக்குவோம். தனியாக நிற்கும் 2-ஐயும் பெருக்க வேண்டும். பலரும் விடுவது அதைத்தான். இரு பக்கமும் ஒற்றைப் பின்னமாக இல்லாததால் குறுக்குப் பெருக்கலும் இங்கே நேரடியாகச் செல்லாது.

அ + 2(அ − 3) = 3
3அ = 9
அ = 3

பெருக்கலில் பிழை இல்லை, ஆனாலும் விடை செல்லாது. அ = 3 என்றால் நாம் பெருக்கியது பூச்சியத்தால். 5 = 7 என்ற பொய்யைக்கூட இரு பக்கமும் பூச்சியத்தால் பெருக்கினால் 0 = 0 என்று மெய்யாகிவிடுமே! எனவே இந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வே இல்லை. தேர்விலும் அப்படியே எழுதலாம், தயங்க வேண்டாம்.

நீங்களே செய்து பார்க்க ஒன்று: 1/அ + 1/(அ + 5) = 1/6. விடை 10, −3. இரண்டு மோட்டார்கள் சேர்ந்து 6 மணி நேரத்தில் மாடித் தொட்டியை நிரப்பும் கணக்காக இது வந்தால், −3-ஐ விட்டுவிடுங்கள்.