திராட்சை வெட்டி, அந்தக் காசில் ஊர் சுற்ற: பிரான்சுக்குப் படிக்க வந்த பிள்ளைகளுக்கு

விடுமுறையில் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க வேண்டும், வீட்டில் காசு கேட்கவும் மனமில்லை என்று சொல்லும் பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டும் வழி திராட்சை அறுவடைதான். இங்கே அதை வாந்தாஞ்ச் என்பார்கள். பெரும்பாலான இடங்களில் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் தொடக்கத்துக்குள் முடிந்துவிடும். ஷாம்பெய்ன் பகுதியில் இயந்திரத்தால் பறிக்க அனுமதி இல்லை. குலை குலையாகக் கையால்தான் வெட்ட வேண்டும் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் ஆள் தேடுவார்கள்.

போகும் முன் உங்கள் விசா என்ன சொல்கிறது என்று பாருங்கள். மாணவர் விசாவில் வந்தவர்கள் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை செய்யலாம். பிரான்சில் இறங்கிய மூன்று மாதத்துக்குள் அந்த விசாவை இணையத்தில் பதிந்து உறுதிப்படுத்தியாக வேண்டும். சுற்றுலா விசாவில் வந்தவர்கள் ஒரு நாள்கூட வேலைக்குப் போகக் கூடாது, யார் என்ன சொன்னாலும் சரி. ஜெர்மனியில் படிப்பவருடைய வதிவிட அட்டை அங்கே வேலை செய்யத்தான். அதை வைத்து இங்கே திராட்சை வெட்ட முடியாது. புதுச்சேரிக் குடும்பங்களில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை.

வேலைக்கு பிரான்ஸ் திரவாய் என்ற அரசு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் ஜூன், ஜூலையிலேயே தேடத் தொடங்குங்கள். வாந்தாஞ்ச் ஒப்பந்தம் ஒன்று அதிகபட்சம் ஒரு மாதம்; அப்படி ஆண்டுக்கு மொத்தம் இரண்டு மாதம் வரை செய்யலாம். கிலோக் கணக்கில் கூலி பேசினாலும், வேலை செய்த மணி நேரத்துக்கு ஸ்மிக் என்ற குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. கடைசியில் விடுப்புக்கு ஈடாகப் பத்து சதவீதம் சேர்த்துத் தர வேண்டும். சம்பளச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

ஒப்பந்தம் வேண்டாம், கையில் காசு தருகிறேன் என்று கூப்பிடும் இடைத்தரகரிடம், அவர் நம்ம ஊர்க்காரராகவே இருந்தாலும், போகாதீர்கள். 2023 அறுவடையின்போது ஷாம்பெய்னில் நெல் லெ ரெபோன் என்ற கிராமத்தில் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் ஐம்பது பேருக்கும் மேல் மனிதர் தங்கத் தகாத ஒரு கட்டடத்தில் அடைபட்டுக் கிடந்தார்கள். அது ஆள்கடத்தல் குற்றம் என்று 2025இல் நீதிமன்றம் மூன்று பேரைத் தண்டித்தது. படுக்க இடமும் சாப்பாடும் உண்டா, அதற்குக் கூலியில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைக் கிளம்பும் முன்பே எழுத்தில் கேளுங்கள். பல தோட்டங்களில் இப்போது தங்க இடம் தருவதில்லை. சொந்தக் கூடாரத்தோடு ஊர்க் கேம்பிங்கில்தான் தங்க வேண்டியிருக்கும். சைவம் என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

வேலை கடினம், மறைக்க மாட்டேன். ஷாம்பெய்னில் கொடிகள் குட்டை. குலைகள் முழங்கால் உயரத்தில் தொங்கும். நாள் முழுக்கக் குனிந்தோ மண்டியிட்டோதான் வெட்ட வேண்டும். மூன்றாம் நாள் இடுப்பு கெஞ்சும், அதற்குப் பிறகு உடம்பு பழகிவிடும். ஒரே வரிசையின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒருவராக நின்று வெட்டுவார்கள். நீங்கள் பிடித்த குலையையே எதிர்ப்பக்கத்துக் கத்தரியும் தேடி வரும். இலையை விலக்கிக் காம்பைக் கண்ணால் பார்க்காமல் கத்தரியை நீட்டாதீர்கள். விரல்கள் வெட்டுப்படுவது பெரும்பாலும் அப்படித்தான். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் பனி ஈரத்தில் கை விறைக்கும், மதியம் வெயில் பொசுக்கும். மழைக்கோட்டு, முழங்கால் பட்டை, தொப்பி, நிறையத் தண்ணீர் இவை இல்லாமல் இறங்க வேண்டாம்.

காசு கணக்கில் ஏறியதும் கிளம்பலாம். பிரான்சு விசா உறுதியாகியிருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் (தங்களுக்குள் பொது விசா ஏற்பாடு உள்ள ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் வரை சுற்றலாம், வேலை மட்டும் செய்யக் கூடாது. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இது செல்லாது. பிரான்சுக்குள் சுற்ற 27 வயது வரை உள்ளவர்கள் ஆண்டுக்கு 49 யூரோவுக்கு ரயில் தள்ளுபடி அட்டை வாங்கலாம். வெளிநாட்டுக்கு இரவு பஸ்தான் பெரும்பாலும் மலிவு; ஒரு ராத்திரி விடுதிச் செலவும் மிச்சம். பல நாடுகளை ஒரே மூச்சில் பார்ப்பதென்றால் இன்டர்ரயில் என்ற ரயில் பாஸ். ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கானது என்பதால் உங்களுக்கும் கிடைக்கும். ஆனால் நீங்கள் வசிக்கும் நாட்டுக்குள் அதை வெளியே போக ஒரு முறை, திரும்பி வர ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டை இலவசம். தபாலில் வரவேண்டும் என்பதால் கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பே அமெலி என்ற பிரெஞ்சு மருத்துவக் காப்பீட்டுத் தளத்தில் உள்ள உங்கள் கணக்கில் விண்ணப்பித்துவிடுங்கள்.