புதுக் காபித்தூள் கடைக்காரர்கள் கோட்டை விடும் இடம்

கும்பகோணம், பாபநாசம், தஞ்சாவூர் பக்கம் இப்போது புதிதாக நிறையப் பேர் வறுவல் மிஷின் வாங்கிப் போட்டு, குடகிலிருந்தும் சிக்மகளூரிலிருந்தும் கொட்டை இறக்கித் தாங்களே அரைத்து விற்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் காலத்தில் நாங்கள் எங்கே சறுக்கினோமோ, அதே இடத்தில் வரிசையாக வந்து சறுக்குகிறார்கள். கருக விடுவது, கல் பொறுக்காமல் மிஷினில் கொட்டுவது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன், கை சுட்டால் தானாக வந்துவிடும்.

‘ஏ’ என்றாலே ஒசத்தி என்பது

பிளாண்டேஷன் ஏ என்பது பழத்தோலை உரித்துக் கழுவிக் காயவைத்த அராபிகா. அதில் ‘ஏ’ சல்லடை அளவு, ருசிக்குப் போட்ட மார்க் இல்லை. பீபெரியும் தனிச் செடியில் காய்ப்பதில்லை. பழத்துக்குள் இரண்டு விதை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளைந்தால் அது பீபெரி. வறுத்து, டிகாக்ஷன் இறக்கிக் குடித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

எடை

வறுத்தால் 15 முதல் 20 சதவீதம் குறையும். அந்தக் குறைவையும் கணக்கில் சேர்த்து விலை போடுங்கள்.

வருஷத்துக்கும் சேர்த்து வாங்கி அடுக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். தை, மாசியில் தோட்டங்களில் பறிப்பு ஓய்ந்து சரக்கு வரும் நேரத்தில், ‘அப்புறம் விலை ஏறிடும்’ என்று எவராவது கொளுத்திப் போட, கையில் இருக்கும் பணத்தையெல்லாம் கொட்டி மூட்டை இறக்கிவிடுகிறார்கள். களத்தில் காய்ந்து, குஷால்நகர், ஹுன்சூர் பக்கத்து க்யூரிங் ஆலைகளில் தோல் நீக்கித் தரம் பிரித்து வரும் கொட்டையில் ஈரம் 10, 11 சதவீதம்தான் இருக்க வேண்டும். அது அங்கே எடுத்த கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் நம்மூர்க் காற்று என்ன செய்யும் என்று நம்மை விட யாருக்குத் தெரியும்?

பாபநாசம் பக்கத்தில் ஒரு தம்பி, கார்த்திகை அடைமழையில் கூப்பிட்டான். போய்ப் பார்த்தால், சுவரை ஒட்டி, வெறும் சிமெண்ட் தரையில் அட்டி போட்டிருக்கிறான். அடி மூட்டையைப் பிரித்தால் நீலப்பச்சையாக இருக்க வேண்டிய அராபிகா ஓரமெல்லாம் வெளுத்துப்போய், ஈரச்சாக்கு வாடை. ஒன்றைக் கடித்தேன், சடக்கென்று உடையாமல் பல் பதிந்தது. “அண்ணே, மாடியில வெயில்ல போட்டா சரியாயிடும்ல?” என்கிறான். ஈரம் குறையும் தம்பி, வாடை போகாது. வெளுத்தது வெளுத்ததுதான். வறுத்தாலோ மேலே கறுத்து உள்ளே வேகாமல் நிற்கும். கடைசியில் அவன் என்ன செய்தான் தெரியுமா, வாடை தெரியாமலிருக்கச் சிக்கரியை ஏற்றிவிட்டான்!

கொள்முதல் நிலையத்தில் நெல்லின் 17 சதவீத ஈரத்துக்கு மல்லுக்கு நிற்கிற ஊர்க்காரர்கள் நாம். காபி வாங்கும்போது மட்டும் ஈரம் பார்க்கும் மீட்டரே வேண்டாமா? 50 கிலோ மூட்டையில் 11 சதவீதம் என்றால் ஐந்தரை கிலோ தண்ணீர், 14 என்றால் ஏழு கிலோ. அந்த ஒன்றரை கிலோவுக்கும் கொட்டை விலைதான் கொடுக்கிறீர்கள். அதற்காக நெல் மீட்டரை இரவல் வாங்கி வைத்துப் பார்க்காதீர்கள், காபிக்கென்று அளவு செய்யாத மீட்டர் காட்டும் எண் எதற்கும் ஆகாது.

சரி, மழைக்கு முன் எவ்வளவு வாங்கலாம்? ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம் ஓடும் அளவு. மரக்கட்டை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். விலை ஏறினால் ஏறட்டும், கெட்ட மூட்டையை விட அது மலிவு.

சிக்கரி

சட்டப்படி 49 சதவீதத்துக்கு மேல் கூடாது. பாக்கெட்டில் அளவைப் போடுங்கள்.

சூட்டோடு பாக்கெட் கட்டுவது

வேண்டாம். ஊதிக்கொண்டு வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வரும்.